ஏரிக்கரையில் ஏணி கேட்டவர்

எந்த மண்டபத்துக்கு வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது வெளியே போகிற கதவைத்தான். மணவறை, சாப்பாடு, யார் என்ன சேலை, எல்லாம் அதற்குப் பிறகு. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் என் தமையன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு நடந்தபோது, சோடனைக்காரன் பின்கதவை மறைத்து ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை அன்னத்தை நிறுத்தியிருந்தான். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அன்னத்தைக் கழுத்தில் பிடித்து இழுத்து மூலையில் விட்டார். கதவைத் தள்ளித் திறந்து பார்த்தார். பூட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் வந்து கதிரையில் இருந்தார்.

"என்ன பிள்ளை, காசு என்வலப் குடுக்காமல் ஓடப்போறீரோ?" என்று நான்தான் கேட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது.

"ஓடுறதுக்கு இல்ல அண்ணன். ஓட வந்தா எங்கால எண்டு தெரியணும்" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் கிழக்கிலங்கையில் பொத்துவில் பக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தார். அவர் எழும்பிப் போன பிறகு எங்கள் மேசையில் அவருடைய பேச்சை நடித்துக் காட்டுவார்கள். "என்னகா, இஞ்ச வாகா" என்று இழுப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். மற்றவர்களை விட நன்றாகவே செய்வேன்.

பின்னால் அவருக்குக் 'கதவக்கா' என்று பட்டம் வைத்திருந்தோம். சுனாமியில் ஆட்களை இழந்ததால் இப்படி ஆகிவிட்டார் என்று என் மனைவி சொல்லுவாள். ஒருநாள் நேரே கேட்டும் விட்டாள். "இல்லக்கா, அதுக்கு முந்தியும் நான் இப்பிடித்தான். எங்கட அம்மா கோழிக்கூட்டுக்கும் ரெண்டு கதவு வைப்பா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். என் மனைவிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சோகக்கதை ஒன்றை எதிர்பார்த்திருந்தாள்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். தவணை தொடங்கும் முதல் நாளே பிள்ளைகளை பஸ்ஸின் பின்கதவால் இறங்கப் பழக்குவார். ஒரு தடவை இறங்கினால் போதாது, இரண்டு தடவை. உடுப்பு ஊத்தையாகிறது என்று தாய்மார் முறைப்பாடு செய்தார்கள். கம்பனி கூப்பிட்டுக் கேட்டது. "அடுத்த வருஷம் மூண்டு தரம் செய்யப்போறன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

என் வீட்டுக்குக் கீழே, பேஸ்மன்றில், மூன்று வருடம் வாடகைக்கு இருந்தார். வந்த முதல் வாரமே படுக்கை அறை யன்னலை அளந்துகொண்டு நின்றார். "அண்ணன், இதுக்குள்ளால என்ட தோள் போகாது. நெருப்பு வந்தா நான் எங்கால ஏறுறது?" என்று கேட்டார். நான் பாக்கிறன் பாக்கிறன் என்று மூன்று வருடம் சொன்னேன். முப்பது வருடமாகக் கூரை போடுகிறவன் நான். அந்த யன்னலைப் பெருப்பிக்க எனக்கு இரண்டு நாள் வேலை. செய்யவில்லை. கடைசியில் அவர் அதே காரணத்தைச் சொல்லிவிட்டு ஒரு தொடர்மாடிக்குப் போனார். கோபப்படவில்லை. போகும்போது பேஸ்மன்றைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போனார்.

அவர் ஏரியில் பலகையில் நின்று அலை ஓடுகிற, சேர்ஃபிங் செய்கிற விஷயம் பேஸ்மன்றில் இருந்த காலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. ரொறன்ரோவில் அலை ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கோடையில் ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கிழக்குக் காற்று எழும்பினால்தான் அலை வரும். அது பெரும்பாலும் ஐப்பசிக்குப் பிறகு. காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின்னேரம் திரும்ப ஏற்றும் வரைக்கும் பஸ் ஓட்டுகிறவருக்கு நடுவில் ஐந்து மணித்தியாலம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் பழைய வான் வண்டியில் பலகையைப் போட்டுக்கொண்டு ஸ்காபரோ ஏரிக்கரைக்குப் போய்விடுவார். பொத்துவிலில் வெள்ளைக்காரர் விட்டுப்போன உடைந்த பலகையில் தமையன்மாரோடு பழகினாராம்.

"நாப்பத்தைஞ்சு வயசிலை உவவுக்கு உது தேவையோ" என்று என் மனைவி சொன்னாள். நான் ஆமாம் போட்டேன்.

ஒருநாள் அந்தப் பக்கம் கூரை ஒன்றுக்கு விலை சொல்லப் போனபோது வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கரையில் உறைபனி. தண்ணீருக்குள் கறுப்பு றப்பர் உடுப்போடு நான்கு பேர். அதில் ஒருவர் அவர். கரையிலிருந்து கொங்கிறீற் சுவர் ஒன்று ஏரிக்குள் நீளமாகப் போகிறது, அலையைத் தடுக்கக் கட்டியது. வார இறுதியில் சனம் அதன் மேல் நடந்து போய் நுனியில் நின்று படம் எடுக்கும். சுவரின் பக்கம் செங்குத்து. விழுந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை.

அவர்கள் கரைக்கு வந்து வானுக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்தார்கள். எனக்கும் ஒரு கப் ஊற்றித் தந்தார். அவருடைய புருவத்தில் பனி கட்டியிருந்தது. அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கரையோரப் பாதுகாப்புக்கு என்று நகரசபை கொஞ்சக் காசு ஒதுக்கப் போகிறது, சேர்ஃப் செய்கிற ஆட்கள் என்ன கேட்பது என்பதுதான் சண்டை. எல்லாம் ஆங்கிலத்தில்.

தாடிக்காரத் தச்சன் ஒருவன் ஒன்றுமே கேட்கக் கூடாது என்றான். "அவங்கள் இங்க ஒரு டொலர் போட்டால் நாளைக்கு வேலி போடுவாங்கள். அடுத்த நாள் எங்களைத் தண்ணிக்குள்ள இறங்காதே எண்டுவாங்கள். வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

தாதியாக வேலை செய்யும் சீனப் பெண் ஒருத்தி, சூடாக ஒரு சின்ன அறை வேண்டும் என்றாள். குளிரில் விறைத்து வருகிறவர்களை எங்கே கிடத்துவது என்று கேட்டாள். மூன்றாவது ஆள், கிழவன், உயிர்காப்பாளர்களை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கச் சொல்லிக் கேட்போம் என்றான்.

இவர் எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் சொன்னார். "உயிர்காப்பாளர் ஆகஸ்ட் முடியப் போயிருவார். ஏரி போகாது. அறை வேணும்தான், ஆனா ஆளை மேல ஏத்தினாத்தானே அறைக்குக் கொண்டு போகலாம். அந்தச் சுவரில ரெண்டு இரும்பு ஏணி. பக்கத்தில கயிறு கட்டின வளையம் ரெண்டு. வேற ஒண்டும் வேணாம்."

"வேலி போட்டால்?" என்றான் தாடிக்காரன்.

"போட்டா நான் பாய்ஞ்சு போவன். நீயும் பாய்வாய். சும்மா கதைக்காத."

அவன் சிரித்துவிட்டான். அதோடு சண்டை முடிந்தது. ஏணி என்று முடிவாயிற்று.

பிறகு அவர் என்னிடம் வந்தார். நான் எங்கள் ஊர்ச்சங்கத்தின் செக்கிரட்டரி. "அண்ணன், மார்ச்சில மீற்றிங் வைக்கிறாங்க. இந்த வட்டாரத்தில இருக்கிற ஆர் வந்தாலும் ஆளுக்கு ஒரு பொட்டு குடுப்பாங்க. எந்தத் திட்டம் பிடிக்குதோ அதில ஒட்டணும். நாங்க பதினைஞ்சு பேர்தான் தேறும். உங்கட சங்கத்து ஆக்களைக் கூட்டி வருவீங்களா?"

"ஓம் ஓம், அதுக்கென்ன" என்றேன்.

அவர் கையிலிருந்த நகரசபைக் கடிதத்தை வாங்கி வாசித்தேன். கரையோரப் பாதுகாப்பும் பூங்கா வசதியும் ஒரே காசுக்குள் வருகின்றன என்று இருந்தது. யாரும் எந்தத் திட்டமும் முன்வைக்கலாம். ஆகக் கூடிய பொட்டு விழுந்த ஒன்றுக்கு மட்டும் காசு. அதே ஏரிக்கரைப் பூங்காவில்தான் எங்கள் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல் வருடா வருடம் நடக்கும். போன வருடம் மழை பெய்து கொத்துரொட்டி நனைந்து, தலைவர் என்னைச் சனத்துக்கு முன்னால் ஏசினார். ஒரு கொட்டகை இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அன்று பின்னேரமே கொட்டகைத் திட்டத்தைச் சங்கத்தின் பெயரில் எழுதி அனுப்பினேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. எங்கள் முதியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, திட்டங்களைத் தமிழில் எழுதித் தாரும் என்று அவரிடமே கேட்டேன். இரண்டு பின்னேரம் இருந்து எல்லாத் திட்டங்களையும் தமிழில் எழுதித் தந்தார். கொட்டகைத் திட்டத்தையும் சேர்த்துத்தான். ஆர் போட்டது என்று கேட்கவில்லை. எனக்கு அன்று அது நிம்மதியாக இருந்தது. சங்கத்தின் பெயர் அந்தத் தாளிலேயே இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மீற்றிங் நாள் மூன்று வானில் நாற்பது முதியவர்களை ஏற்றினேன். வடையும் தேத்தண்ணீரும் உண்டு என்று சொல்லியிருந்தேன். உள்ளே சுவரில் திட்டத்துக்கு ஒன்றாக ஆறு படங்கள் தொங்கின. ஆளுக்கு ஒரு பச்சைப் பொட்டு தந்தார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று நிமிடம் பேசலாம். கொட்டகைக்கு நான் பேசவில்லை. தலைவரின் மகளைப் பேசவிட்டேன். அவ்வளவு துணிச்சல்காரன் நான்.

அவர் பஸ் ஓட்டுகிற ஜக்கெற்றோடு வந்து ஆங்கிலத்தில் பேசினார். திருத்தமான ஆங்கிலம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. கடைசி அரை நிமிடம் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "அம்மாமார், ஐயாமார், தண்ணிக்குள்ள விழுறதுக்கு ஒருத்தருக்கும் காசு தேவையில்ல. ஏறுறதுக்குத்தான் தேவை." எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டு மூன்று பேர் கண்ணையும் துடைத்தார்கள். கை தட்டிவிட்டு எழும்பிப் போய் வரிசையாகக் கொட்டகைப் படத்தில் ஒட்டினார்கள். எதில் ஒட்டுவது என்று வானில் ஏற்றும்போதே நான் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் அம்மா ஒருவர், எண்பது வயது, ஏணிப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "தம்பி, உந்தப் பிள்ளை சொல்லுறது ஞாயந்தானே. இதிலை ஒட்டட்டோ?"

"மழை பெய்தால் எங்க இருந்து சாப்பிடப் போறியள் அம்மா? அங்காலை ஒட்டுங்கோ" என்றேன். அவர் யோசித்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் கொட்டகையில் ஒட்டவைத்தேன். பிடித்தேன் என்றால் பிடித்தேன். இதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நிமிர்ந்தால் எதிரில், ஏணி கேட்டவர் நின்றார்.

கொட்டகை வென்றது. ஏணி இரண்டாவது. இரண்டாவதுக்கு ஒன்றும் இல்லை. தாடிக்காரன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். அவர் என்னிடம் வந்தார். நான் ஏச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவு ஆக்களைக் கூட்டி வந்ததுக்கு நன்றி அண்ணன்" என்றார். முகத்தில் நக்கல் இல்லை. பிறகு, "அந்தச் சுவர் ஒன்பதடி. நீங்க கூரை வேலைக்காரன். ஒன்பதடி எண்டா என்ன எண்டு உங்களுக்குத் தெரியும்" என்றார். வடைத் தட்டை நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசியில் ஒரு வேலை நாள். நான் ஸ்ரௌவ்வில் நகரில் புது வீடு ஒன்றின் கூரையில் நின்றேன். கீழே பையன்கள் தமிழ் வானொலி போட்டிருந்தார்கள். ஏரிக்கரையில் மாணவன் ஒருவன் சுவரிலிருந்து விழுந்துவிட்டான், தமிழ்ப் பெண்மணி ஒருவர் காப்பாற்ற முயன்றார் என்று செய்தி வந்தது. யார் என்று எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நடந்ததை அந்தத் தாதிப் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். பையன் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவன். இரண்டு கூட்டாளிகளோடு அலையைப் படம் எடுக்கப் போனவன், சுவர் நுனியில் சறுக்கி விழுந்தான். இவர் தண்ணீரில் நின்றார். பலகையில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு நிமிடத்துக்குள் அவனைப் பிடித்துவிட்டார். பிடித்த பையனை எங்கே ஏற்றுவது? கரைக்குக் கொண்டுபோகப் பார்த்தால், சுவரில் மோதித் திரும்புகிற அலை இருவரையும் திரும்பத் திரும்பச் சுவரோடு அடித்தது. மேலே நின்ற கூட்டாளிகள் ஜக்கெற்றோடு ஜக்கெற்றைக் கட்டி இறக்கினார்கள். எட்டவில்லை. இவர் ஒரு கையால் அவனைப் பலகையோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கொங்கிறீற் வெடிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீயணைப்புப் படை வந்து ஏணி இறக்கும் வரைக்கும் நின்றார். மூன்று நகம் போயிற்று. அம்புலன்ஸில் ஏறியதும் கம்பனிக்கு அடித்து, பின்னேரம் பிள்ளைகளை ஏற்ற வேறு ஆளை அனுப்புங்கள் என்றாராம்.

பையன் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

நான் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிப் பார்த்தேன். ஏணி வென்றிருந்தாலும் நகரசபை ஐப்பசிக்குள் போட்டிருக்குமா? பூங்காவில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கில் போடவே இரண்டு வருடம் எடுக்கிறவர்கள். இப்படி ஒரு கிழமை சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் கொட்டகை ஆகஸ்டிலேயே எழும்பிவிட்டது. அதன் திறப்பு விழாவில் நாடா வெட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கணக்கு அதோடு சரி.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் பொன்னாடை போர்த்துவோம். தலைவர்தான் தொடங்கினார். "அந்தப் பிள்ளையை எங்கட சங்கம் கௌரவிக்க வேணும். மற்றச் சங்கங்கள் முந்தப் போகுது." அடுத்த கோடை ஒன்றுகூடலில் வைப்பதென்று முடிவெடுத்தார்கள். எங்கே? அந்தக் கொட்டகைக்குள். வாழ்த்துமடல் எழுதுகிற வேலை எனக்கு. 'அலைகளை வென்ற வீரப் பெண்மணி' என்று எழுதினேன். கை கூசவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கூசியது. ஆனாலும் எழுதினேன், கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கினேன்.

போனில் கூப்பிட்டபோது மூன்று தரம் வேணாம் என்றார். "ஆக்கள் ஆசைப்படுகினம் பிள்ளை" என்று நான் விடவில்லை.

பிறகு கேட்டார். "மீற்றிங்குக்கு வந்த ஆக்கள் எல்லாரும் வருவாங்களா?"

"ஓம் ஓம், எல்லாரும் வருவினம்."

"அப்ப வாறன்."

வந்தார். அதே பஸ் ஜக்கெற். முதலில் கொட்டகையைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை, அதில் அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. பாபிகியூ புகை, கோழி மணம், முன்வரிசையில் முதியவர்கள், பின்னால் பேரப்பிள்ளைகள். நான் மேடையில் நின்று வாழ்த்துமடல் வாசித்தேன். தலைவர் பொன்னாடை போர்த்தினார். கை தட்டல் நின்ற பிறகு அவர் மைக்கைக் கேட்டார்.

"ரெண்டு நிமிஷம்தான். சாப்பாடு ஆறிப்போகும்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு வயசு. நான் பிடிச்சிருந்த நேரம் அவன் பேசினான். அம்மா அப்பா எண்டு கூப்பிடல்ல. 'அக்கா, எங்கக்கா ஏறுறது' எண்டுதான் கேட்டான். மூண்டு நாலு தரம் கேட்டான். எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல."

ஒரு குழந்தையை யாரோ வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எனக்கு ஒண்டே ஒண்டு தெரியணும். அண்டைக்கு மீற்றிங்கில ஏணிக்குப் பொட்டு ஒட்டின ஆக்கள் கை உயர்த்துங்க. அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு பின்னால் ஒரு கை எழும்பியது. அதைப் பார்த்துப் பக்கத்தில் ஒன்று. பிறகு வரிசை வரிசையாக எழும்பின. கிழவர்கள், கிழவிகள், பொருளாளர், உபதலைவர். மீற்றிங்குக்கே வராத தலைவரும் உயர்த்தினார். எண்பது வயது அம்மா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

அவர் எல்லாக் கைகளையும் பார்த்தார். எண்ணவில்லை. "இவ்வளவு பேரா" என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே வியந்தவர் மாதிரிச் சொன்னார். மைக்கை வாங்க யாரும் வராததால் மேசையில் வைத்தார். பொன்னாடையை எடுத்து, மடித்து, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். புல்லில் இறங்கி வானுக்குப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. பசிபிக் கரைப் பக்கம் போய்விட்டார் என்று சொல்கிறார்கள். அங்கே வருடம் முழுக்க அலை இருக்குமாம்.

அன்று அவர் போகும்போது திரும்பிப் பார்த்தது மேடைப் பக்கம் ஒருதரம் மட்டும். மேடையில் நின்றவன் நான். மற்றவர்களை விட இரண்டு அடி உயரத்தில், என் கையும் உயர்ந்து இருந்தது.